ஒரே பைப்பில் இரண்டு சென்சார்

அந்த வீட்டில் சகலைகள் இருவரும் பேச்சை நிறுத்தி நான்கு மாதம் ஆகியிருந்தது. ஒருவரோடு ஒருவர்தான் பேசுவதில்லை. மற்றபடி இரண்டு பேருக்கும் வாய் நன்றாகவே வேலை செய்தது. பெரிய சகலை சொல்ல வேண்டியதைச் சுவரைப் பார்த்துச் சொல்வார். சின்ன சகலை பதிலை மாடிப்படியைப் பார்த்துச் சொல்வார். நான் போயிருக்கும் நாளில் சுவருக்கும் படிக்கும் ஓய்வு. இரண்டு பேரும் என்னைப் பார்த்துச் சொல்வார்கள்.

நான் எதிர்வீட்டுக்காரி. பார்சல் ஆபீஸில் கவுண்டரில் உட்காருகிறேன். தெருவே என்னைப் பார்சலக்கா என்றுதான் கூப்பிடும். யாருக்கு எங்கிருந்து என்ன வருகிறது என்பது எனக்குத் தெரியும், தெரிந்ததைச் சொல்ல மாட்டேன் என்பது தெருவுக்குத் தெரியும். அந்த ஒரு தகுதிக்காகத்தான் என்னை அந்தச் சண்டைக்குள் இழுத்துப் போட்டார்கள்.

பெரியவர் லேத்துக்காரர். இரும்பைக் கடைந்து கடைந்து விரல் நுனியில் ரேகையே மிச்சமில்லை. சின்னவர் வண்டிகளுக்கு ஒயரிங் செய்பவர். பல் துலக்கும்போதுகூடச் சட்டைப் பையில் டெஸ்டர் இருக்கும். இந்த இருவருக்கும் வாக்கப்பட்டவர்கள் உடன்பிறந்த அக்கா தங்கைகள். அக்காக்காரி தையல்காரி. கீழ் அறை ஜன்னலோரத்தில் மிஷின் போட்டிருக்கிறாள். அம்மா செத்தபோது அவளுக்குப் பன்னிரண்டு வயது, தங்கைக்கு ஆறு. அன்றிலிருந்து தங்கை உடுத்திய ஒவ்வொரு துணியும் அக்கா வெட்டியதுதான். தங்கைக்குக் கல்யாணம் பேசும்போது, "மாடி ரூம் காலியாத்தான் இருக்கு, அங்கயே இருக்கட்டும்," என்று ஒரே நிபந்தனை போட்டாள். ஒயரிங்காரரும் சந்தோஷமாகத் தலையாட்டினார். கீழே ஒரு சமையலறை, ஒரே அடுப்பு, நான்கு பேர்.

ஐந்தாவதாக ஒரு கார் இருந்தது. வீட்டை ஒட்டித் தகரக் கொட்டகை, அதற்குள் அது. துருப்பிடித்த வெறும் கூடாக வாங்கிக்கொண்டு வந்து, சகலைகள் இருவரும் மூன்று வருஷமாகக் கட்டிக்கொண்டிருந்தார்கள். பெயிண்ட் இன்னும் அடிக்கவில்லை, சாம்பல் நிற அடிப்பூச்சுதான். பின் சீட்டு மாடி அறையில் கிடந்தது. விருந்தாளி வந்தால் அதில்தான் உட்காரச் சொல்வார்கள். அக்காவும் தங்கையும் அந்தக் காருக்குச் 'சக்களத்தி' என்று பேர் வைத்திருந்தார்கள். "சாப்பிட வரலையா?" என்று கேட்டால், "சக்களத்திக்கு எண்ணெய் மாத்திட்டு வருவாரு," என்பார்கள். அதெல்லாம் சிரித்துப் பேசிய காலம்.

சண்டை வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். ஒயரிங்காரர் அந்தக் காருக்கு ஒரு சின்னக் கம்ப்யூட்டர் பெட்டி வைத்து, பெட்ரோல் எவ்வளவு பீய்ச்ச வேண்டும் என்று அதில் எழுதிவைப்பார். எழுதியது சரியா என்று பார்க்க, பழைய வண்டி ஒன்றிலிருந்து கழற்றிய ஆக்சிஜன் சென்சாரைப் புகை போகும் பைப்பில் முடுக்கியிருந்தார். அது, 'பெட்ரோல் போதவில்லை, போதவில்லை' என்றே சொல்லிக்கொண்டிருந்தது. அவர் பெட்ரோலைக் கூட்டினார். பின்னால் கரும்புகை வந்தது. லேத்துக்காரர், "கண்ணுக்கு முன்னாடி கறுப்பா வருது, இன்னும் எதுக்குப் பெட்ரோலு?" என்றார். இவர், "மீட்டரு கம்மின்னு சொல்லுதுண்ணே," என்றார். மூன்றாவது வாரம் கடைத்தெரு முனையில் எஞ்சின் இறுகி நின்றுவிட்டது. பிரித்துப் பார்த்தால், அளவுக்கு மிஞ்சிய பெட்ரோல் உள்ளே எண்ணெயைக் கழுவிவிட, பிஸ்டன் இரும்போடு இரும்பாக உரசியிருந்தது. மூன்று வருஷ வேலை.

கடைத்தெருவில் நாலு பேர் பார்க்க லேத்துக்காரர், "நீ கைவெச்சா எதுவுமே உருப்படாதுடா," என்று சொல்லிவிட்டார். அந்த 'டா'வோடு பேச்சு நின்றது.

ஒயரிங்காரர் ஊரின் அந்தக் கோடியில் ஒரு வீடு பார்த்துவிட்டார். ஒன்றாம் தேதி குடிபோவதாக ஏற்பாடு. தங்கைக்காரி பாத்திரங்களைப் பழைய பேப்பரில் சுற்ற ஆரம்பித்தாள். அக்காக்காரி தடுக்க வாயே திறக்கவில்லை. அந்தப் புது வீட்டு ஜன்னல்களுக்குத் திரை தைத்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் நான் போனபோது மிஷினை மிதித்தபடியே, "நாலு ஜன்னலாம்க்கா. நல்ல காத்தோட்டமாம்," என்றாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்கு என்னவோ போலிருந்தது.

எஞ்சினை மட்டும் இருவருமே விடவில்லை. பகலில் ஒருவர், சாயங்காலம் ஒருவர் என்று முறை வைத்து அதைத் திரும்பக் கட்டினார்கள். இந்தமுறை ஓட்டும்போது சரியான சென்சார் ஒன்று வைத்துவிட வேண்டும், போன தடவை தப்பு யார் மேல் என்று தெரிந்துவிட வேண்டும் என்பதில் மட்டும் இரண்டு பேருக்கும் ஒரே எண்ணம்.

"போறவரு போகட்டும். எம்மேல தப்பில்லன்னு தெரிஞ்சிக்கிட்டுப் போகட்டும்," என்றார் லேத்துக்காரர், நான் இருப்பதையும் மறந்து, சுவரிடம்.

"தப்பு அவரு மேலன்னு தெரிஞ்சா நான் எதுக்குப் போகணும்?" என்றார் ஒயரிங்காரர் படியிடம்.

இதைக் கேட்டதும் அக்காக்காரி நிமிர்ந்து பார்த்தாள். நான்கு மாதத்தில் அவள் முகத்தில் நான் பார்த்த முதல் வெளிச்சம் அதுதான். யாராவது ஒருவர் மேல் தப்பென்று தெரிந்துவிட்டால், அவர் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்பார், தங்கை மாடியிலேயே இருப்பாள். புருஷனே தோற்றாலும் அவளுக்குப் பரவாயில்லை.

சென்சார் தேர்ந்தெடுக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கூட்டம் கூடியது. வெளியே விடாத மழை. லேத்துக்காரர் மிஷின் பக்கத்து ஸ்டூலில். ஒயரிங்காரர் மாடிப்படியின் மூன்றாவது படியில். நடுவில் டீயும் கையுமாக நான்.

"எனக்கு ஒண்ணும் தெரியாது. முதல்ல இந்த சாமான் என்னன்னு சொல்லுங்க," என்றேன்.

ஒயரிங்காரருக்கு விளக்கம் சொல்வதென்றால் சாப்பாடே வேண்டாம். "பழைய சென்சாரு இருக்கு பாருங்கக்கா, அதுக்கு ரெண்டே வார்த்தைதான் தெரியும். கூட, கம்மி. எவ்வளவு கூடன்னு கேட்டா முழிக்கும். இப்ப வாங்கப்போறது வைட்பேண்டு. இது கணக்காச் சொல்லும். ஒரு பங்கு பெட்ரோலுக்குப் பதினாலே முக்கால் பங்கு காத்து இருந்தா சரியா எரியும். பன்னெண்டுன்னு காட்டினா பெட்ரோல் ஜாஸ்தி. பதினாறுன்னா காத்து ஜாஸ்தி."

"பதினாலு புள்ளி ஏழு," என்றது சுவர்ப் பக்கம். "பதினாலே முக்கால் இல்ல. பார்சலக்கா, படியில உக்காந்திருக்கிறவருகிட்டச் சொல்லுங்க."

"படிக்குக் காது கேக்குதுன்னு சொல்லுங்கக்கா."

"சரி. எதை வாங்கறது?"

"முள்ளு வெச்ச மீட்டரோட ஒண்ணு வருது," என்றார் லேத்துக்காரர். "அதான் வேணும். ஸ்டியரிங்கு பக்கத்துல மாட்டிக்கலாம். முள்ளு எந்தப் பக்கம் சாயுதுன்னு ஓட்டறவன் ஓரக்கண்ணால பாத்தாலே போதும்."

"முள்ளு சாய்ஞ்சதை நாளைக்கு எடுத்துப் பாக்க முடியுமான்னு கேளுங்க. நான் சொல்றது லேப்டாப்புல போற மாதிரி. எந்த நிமிஷம் என்ன காட்டுச்சுன்னு வரிசையா இருக்கும். நாளப்பின்ன நான் அப்படிச் சொல்லல, நீ இப்படிச் சொல்லலன்னு யாரும் பேச முடியாது."

"அதாவது என் வாய்மேல நம்பிக்கை இல்ல."

"நான் அப்படிச் சொன்னேனாக்கா?"

"சொல்லல," என்றேன்.

"சொல்லாமச் சொல்றாரு. ஓட்டறவன் ரோட்டைப் பாப்பானா, மடியில லேப்டாப்பை வெச்சிக்கிட்டுச் சினிமா பாப்பானா? அதையும் கேளுங்க."

"பக்கத்துல ஒரு ஆளு உக்காந்து பாக்கணும்னு சொல்லுங்க."

"பக்கத்துல யாரு உக்காரப் போறாங்களாம்? ஒண்ணாந்தேதிக்கு மேல யாரு இருக்காங்க?"

தங்கைக்காரி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனாள். மழை தகரத்தில் அடித்துக்கொண்டே இருந்தது. நான் டீயைக் குடித்தேன்.

சற்றுப் பொறுத்து ஒயரிங்காரர் தணிந்த குரலில் சொன்னார். "அந்த முள்ளு மீட்டர்ல இன்னொரு தொல்லைக்கா. பைப்புல மாட்டறதுக்கு முன்னாடி அதுக்கு வெளிக்காத்தைக் காட்டணும். இதுதான் சுத்தமான காத்துன்னு அது தெரிஞ்சிக்கணும். மறந்துட்டா வாயில வந்ததைச் சொல்லும். நான் சொல்ற பெட்டிக்கு அந்த வேலையே இல்ல."

"பொறந்ததுலேருந்து வெளிக்காத்தையே பாக்காதது காத்தை எப்படி அளக்கும்? அதையும் கேட்டுச் சொல்லுங்க," என்றார் லேத்துக்காரர்.

அக்காக்காரி மிஷினை நிறுத்தினாள். "போதும். எங்கிட்ட ஒருத்தி பச்சைப் புடவை ஒண்ணு, நீலம் ஒண்ணு எடுத்துட்டு வந்து, எது நல்லாருக்குன்னு கேட்டா, நான் எதைச் சொன்னாலும் இன்னொண்ணத்தான் கட்டுவா. அந்தக் கதையா இருக்கு. அக்கா, நீங்களே ஒண்ணைச் சொல்லிடுங்க. நீங்க சொன்னா ரெண்டு பேரும் ஒத்துக்கணும்."

எனக்கு வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியவில்லை. "ஓட்டறவருக்கு லேசா இருக்கிற முள்ளையே வாங்கிடுங்களேன்," என்றேன்.

ஒயரிங்காரர் எழுந்து மாடிக்குப் போய்விட்டார். "சரி, லேப்டாப்பே இருக்கட்டும்," என்றேன். லேத்துக்காரர் குடையை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். கூட்டம் அப்படிக் கலைந்தது.

ஒன்பதாம் நாள் என் கவுண்டருக்கு இரண்டு பெட்டிகள் வந்தன. அனுப்பிய கம்பெனி ஒன்று. விலாசம் ஒன்று. பேர் மட்டும் வேறு வேறு. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பத்து மணிக்கு ஒயரிங்காரர் வந்து கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டு, "வீட்ல யாருக்கும் தெரிய வேணாம்க்கா," என்றார். மூன்று மணிக்கு லேத்துக்காரர் நனைந்துகொண்டே வந்தார். "அந்தப் படி ஆளுக்குத் தெரிய வேணாம்," என்றார். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து நான் கட்டிக்காத்த வாயை அன்று சாயங்காலம் பூட்டி வைத்திருக்கப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

சனிக்கிழமை மழை கொஞ்சம் விட்டது. காலையில் கொட்டகையிலிருந்து வெல்டிங் வெளிச்சம் தெருவரை அடித்தது. லேத்துக்காரர் காருக்கடியில் படுத்துக்கொண்டு, எஞ்சினுக்குப் பக்கத்தில் பைப்பில் ஒரு துளை போட்டு, சென்சாரை முடுக்கத் தானே கடைந்த மரை வளையத்தைப் பற்றவைத்துக்கொண்டிருந்தார். தண்ணீர் தேங்காமலிருக்க மரையைக் கொஞ்சம் சாய்த்து, மேல்நோக்கி வைத்திருந்தார். அழகான வேலை. சென்சாரை முடுக்கும் முன் மொட்டைமாடிக்குப் போய், மழை கழுவிய வெளிக்காற்றில் அதைப் பத்து நிமிஷம் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். கோயில் மணியைப் பிடித்த மாதிரி அவ்வளவு மரியாதை.

பிறகு ஒயரைப் பின்னால் கொண்டுபோகக் காருக்கடியில் ஊர்ந்தவர் அப்படியே நின்றுவிட்டார். பைப்பின் பின்பாதியில், பழைய சென்சார் இருந்த அதே துளையில், புத்தம் புதிதாக இன்னொன்று உட்கார்ந்திருந்தது. அதிலிருந்து ஒயர் அழகாகக் கட்டப்பட்டு, பளபளவென்று காருக்குள் ஏறியிருந்தது.

"பார்சலக்கா!" என்று அடியிலிருந்து ஒரு சத்தம். "எல்லாத்தையும் தெரிஞ்சிக்கிட்டே வாயை மூடிட்டு இருந்தீங்களா?"

"ஆபீஸ் விஷயம்," என்றேன்.

தங்கைக்காரி இரண்டு காலிப் பெட்டிகளையும் எடுத்து வந்து பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். பெட்டி வேறு, மீட்டர் வேறு. உள்ளே பைப்பில் போகும் சென்சார் மட்டும் இரண்டிலும் ஒன்றே. ஒரே எண், ஒரே தொழிற்சாலை. "அக்கா, இங்க பாரேன்! ரெண்டு கிறுக்கும் ஒரே சாமானைத்தான் வாங்கியிருக்கு!" என்று சிரித்தாள். அக்காக்காரியும் சிரித்தாள். அந்த வீட்டில் இரண்டு பேரும் சேர்ந்து சிரித்து நான் கேட்டு ரொம்ப நாள் ஆகியிருந்தது.

"ரெண்டும் இருக்கட்டும். ரெண்டும் என்ன சொல்லுதுன்னு பாப்போம்," என்றாள் அக்காக்காரி.

எஞ்சின் முதல் சாவியிலேயே பிடித்துக்கொண்டது. கொட்டகைத் தகரம் கிடுகிடுத்தது. காது அடைத்துப்போகிற சத்தம், சைலன்சர் இன்னும் பாதிதான் வைத்திருந்தார்கள். முன் சீட்டில் லேத்துக்காரர் முள்ளைப் பார்த்தபடி. வெளியே ஸ்டூலில் ஒயரிங்காரர், மடியில் லேப்டாப். சூடேறி நிதானமானதும் இருவரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள்.

"பன்னெண்டு புள்ளி எட்டு!"

"பதினஞ்சு புள்ளி ஆறு!"

எனக்கே புரிந்தது. ஒன்று பெட்ரோல் ஜாஸ்தி என்கிறது, இன்னொன்று காற்று ஜாஸ்தி என்கிறது. ஒரே எஞ்சின், ஒரே பைப், ஒரே புகை.

"காத்துக் காட்டும்போது சரியா காட்டினாரான்னு கேளுங்கக்கா! பக்கத்துல வெல்டிங் புகை இருந்திருக்கும்!"

"மாடியில காட்டினேன்னு சொல்லுங்க! அந்தப் பெட்டியத் தூக்கிக் குப்பையில போடச் சொல்லுங்க! போன தடவையும் கம்மி கம்மின்னுதான் பாடுச்சு, இப்பவும் அதே பாட்டு!"

"அப்ப நான் அன்னிக்குச் சொன்னது பொய்யில்லன்னு ஆகுதில்ல? அதே இடத்துல புதுச் சென்சாரும் அதையேதான் சொல்லுது!"

"பழசும் பொய்யி, புதுசும் பொய்யின்னு சொல்லுங்க!"

நான் யாரைப் பார்த்து யாருக்குச் சொல்வதென்று தெரியாமல் நடுவில் விழித்துக்கொண்டிருந்தேன். அக்காக்காரி போய்ச் சாவியைத் திருப்பி எஞ்சினை நிறுத்தினாள். திடீரென்று வந்த அமைதியில் மழைச் சொட்டு கேட்டது.

"எங்கிட்ட அளவெடுக்க ரெண்டு டேப்பு இருக்கு," என்றாள். "ஒரு பொண்ணுக்கு ஒரு டேப்புல முப்பத்தாறு வருது, இன்னொருத்திக்கு வேற டேப்புல முப்பத்தெட்டு வருது. எனக்குச் சந்தேகமா இருந்தா டேப்பை மாத்திப் போட்டு அளப்பேன். டேப்போட கூடவே அளவும் போச்சுன்னா டேப்பு மோசம். அளவு பொண்ணுகிட்டயே நின்னா டேப்பு மேல தப்பில்ல. இதுக்குப் போயி எதுக்குக் கத்தறீங்க? முன்னாடி இருக்கறதைப் பின்னாடி போடுங்க. பின்னாடி இருக்கறதை முன்னாடி போடுங்க."

லேத்துக்காரர் பெண்டாட்டியையே பார்த்தார். ஒயரிங்காரர் லேப்டாப்பை மூடினார். "அண்ணி சொல்றது சரி," என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. சுவரையும் பார்க்கவில்லை, படியையும் பார்க்கவில்லை.

பைப் ஆற வேண்டும். அதுவரை தங்கைக்காரி வெங்காயம் நறுக்கிப் போட்டு முட்டை பொரித்துக்கொண்டு வந்தாள். ரொட்டியோடு நின்றுகொண்டே சாப்பிட்டோம். நான்கு பேரும் ஒரே நேரத்தில் சாப்பிடுகிறார்கள் என்பதை நான்தான் கவனித்தேன். சொன்னால் கெட்டுவிடும் என்று முட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சென்சார்களை இடம் மாற்றி முடுக்கினார்கள். எஞ்சின் மறுபடி உறுமியது. இந்தமுறை யாரும் கத்தவில்லை. லேத்துக்காரர் முள்ளைத் தட்டிப் பார்த்தார். இறங்கி வந்து, நான்கு மாதத்தில் முதல்முறையாக, ஒயரிங்காரரின் தோளுக்கு மேலாக எட்டி லேப்டாப்பைப் பார்த்தார்.

முள் இப்போது பதினைந்து ஆறு என்றது. லேப்டாப் பன்னிரண்டு எட்டு என்றது. எதை முன்னால் வைத்தாலும் பன்னிரண்டு எட்டு. எதைப் பின்னால் வைத்தாலும் பதினைந்து ஆறு. இரண்டு சென்சாருமே உத்தமம். அவற்றுக்கு நடுவில் எங்கேயோ பைப் வெளிக்காற்றைக் குடித்துக்கொண்டிருந்தது. பின்னாலிருக்கும் சென்சார் அந்தக் காற்றையும் சேர்த்து எண்ணிவிட்டு, பெட்ரோல் போதவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தது. போன தடவையும் அதேதான்.

முன் பைப்பும் பின் பைப்பும் சேரும் இடத்தில் ஒரு மூட்டு. இரண்டு வளையங்களை முகத்தோடு முகம் வைத்து, நடுவில் கேஸ்கெட் கொடுத்து, போல்ட்டால் இறுக்கியிருந்தார்கள். எஞ்சினை இறக்கியபோதுகூட பைப்பை எஞ்சின் பக்கத்திலேயே கழற்றிவிட்டதால், அந்த மூட்டை யாரும் தொடவில்லை. பைப் மறுபடி ஆறியதும், இரண்டு சகலைகளும் ஆளுக்கொரு பக்கமாகக் காருக்கடியில் நுழைந்தார்கள். வெளியே நான்கு கால்கள் மட்டும் தெரிந்தன.

அந்தப் போல்ட்டை ஒரு ஆளால் கழற்ற முடியாது. ஒருவர் தலையைப் பிடிக்க வேண்டும், ஒருவர் நட்டைத் திருப்ப வேண்டும்.

"பிடி," என்றார் லேத்துக்காரர்.

"பிடிச்சிருக்கேன்ணே."

அவ்வளவுதான். அக்காக்காரியைக் கூப்பிடலாம் என்று திரும்பினால், அவளே கை துடைக்கத் துணியோடு என் பின்னால் நின்றிருந்தாள். உஷ் என்று விரலை வைத்தேன். அடியில் போல்ட் உருளும் சத்தம். பிறகு வளையங்கள் பிரியும் சத்தம்.

"கேஸ்கெட்டு நேரா விட்டிருக்குண்ணே," என்றது சின்னவர் குரல், கிசுகிசுப்பாக. "கோடு போட்ட மாதிரி. ரெண்டு துண்டு."

"ம்."

"கோடு நெடுக கரி புடிச்சிருக்கு. இது வழியாத்தான் காத்து போயிருக்கு. இது தானா விட்டதில்லண்ணே. மடிச்சது."

"தெரியுது."

"அன்னிக்கு ஸ்பேர் பார்ட்ஸ் கடை லீவுன்னு..."

"நான்தாண்டா உங்க அண்ணிகிட்ட ஷீட்டைக் குடுத்து வெட்டித் தரச் சொன்னேன். அவ கத்தரிதான் நல்லாப் போகும்னு. துணிக்குக் கழுத்து வெட்டற மாதிரி ரெண்டா மடிச்சு வெட்டியிருக்கா. வட்டம் ரெண்டு பக்கமும் சமமா வரணும்ல."

துணியை மடித்து வெட்டினால் ஒன்றும் ஆகாது, இஸ்திரி போட்டால் மடிப்புப் போய்விடும். கேஸ்கெட் ஷீட் அப்படியில்லை. மடித்த இடத்தில் உள்ளுக்குள் முறிந்துவிடும். சூடு ஏறியதும் வாய் பிளந்துவிடும். வட்டம் என்னவோ அளவு பிசகாமல் இருந்தது. அவள் கை அப்படி.

"நீ வாயத் தொறக்காத," என்றார் லேத்துக்காரர்.

"நான் எதுக்குண்ணே தொறக்கறேன்? போல்ட்டு லூசா இருந்துச்சுன்னு சொல்லிடலாம்."

"சரி. நான் சரியா முடுக்கலன்னு சொல்லிடறேன்."

"நீங்க எதுக்கு? நான் முடுக்கலன்னு சொல்றேன். சின்னவன், எம்மேல போட்டா போயிடும்."

"டேய், என் மூட்டுடா அது."

"ரெண்டாவது போல்ட்டை நான்தான முடுக்கினேன்?"

"அதெல்லாம் முடியாது. தப்பு என்னோடது. அன்னிக்குக் கடைத்தெருவுல உன்னை அப்படிப் பேசினதுக்கு இதாவது நான் வாங்கிக்கறேன். விடு."

"வெளிய வாங்க ரெண்டு பேரும்," என்றாள் அக்காக்காரி.

நான்கு கால்களும் அசையாமல் நின்றன. பிறகு ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். முகமெல்லாம் கரி. லேத்துக்காரர் ஒரு கையைப் பின்னால் மறைத்திருந்தார்.

"ஒண்ணுமில்ல, போல்ட்டு..." என்று இரண்டு பேரும் ஒன்றாக ஆரம்பித்தார்கள்.

"குடுங்க."

கொடுத்தார். அவள் இரண்டு பாதிகளையும் உள்ளங்கையில் வைத்துச் சேர்த்தாள். தலைமுடி அளவு இடைவெளிகூட இல்லாமல் பொருந்தின. நடுவில் அந்தக் கறுப்புக் கோடு. கட்டைவிரலால் அதைத் தடவினாள். எந்தத் துணியிலும் அவள் கை தடவும் அதே தடவல்.

"இது என் மடிப்பு," என்றாள்.

"தெரியாம செஞ்சதுக்கு என்ன அண்ணி..."

"சும்மா இருங்க தம்பி." அவள் அப்படியே தரையில், ஈரத்தில், டயருக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். "நாலு மாசமா மனசுக்குள்ள இவரைத் திட்டினேன். அப்புறம் உங்களைத் திட்டினேன். இந்த வண்டியைத் திட்டினேன். எந்தப் பாவி இந்த வீட்டை ரெண்டாக்கினான்னு தினமும் கேட்டுக்கிட்டே மிஷினை மிதிச்சேன். பாவி நான்தான்."

லேத்துக்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. துடைக்கப் போய் முகத்தில் கரியை இன்னும் அப்பிக்கொண்டார். ஒயரிங்காரர் தரையைப் பார்த்தபடி, "அண்ணே, அன்னிக்கு நானும் புகையைப் பாத்திருக்கணும். மீட்டரையே பாத்துட்டேன்," என்றார். "விடுடா," என்றார் அவர். இவர்கள் இரண்டு பேருக்கும் அத்தோடு முடிந்துபோனது. ஆண்பிள்ளைகளின் சண்டை எனக்கு இந்த ஜென்மத்தில் விளங்கப்போவதில்லை.

தங்கைக்காரி மட்டும் அசையவில்லை. கொட்டகை வாசலில் தட்டும் கையுமாக நின்றவள், தட்டைக் கீழே வைத்துவிட்டு வந்து அக்கா எதிரில் குந்தினாள்.

"நீ போ," என்றாள் அக்காக்காரி அவளைப் பார்க்காமல். "போறதுன்னு முடிவு பண்ணியாச்சு, போ. இது தெரிஞ்சப்புறம் எந்த மூஞ்சியை வெச்சிக்கிட்டு உன்னை இருக்கச் சொல்லுவேன்?"

"இப்பத்தான் தெரிஞ்சுது. நேத்து வரைக்கும் தெரியாதில்ல? நேத்து வரைக்கும் ஏன் சொல்லல?"

அக்காக்காரி தலை நிமிர்ந்தாள்.

"இவரு வீடு பாத்துட்டு வந்து சொன்ன அன்னிக்கு உன் முகத்தையே பாத்துட்டு நின்னேன்," என்றாள் தங்கை. "போகாதன்னு ஒரு வார்த்தை சொல்லுவியான்னு. எத்தனை ஜன்னலுன்னு கேட்டே. பாத்திரத்தைச் சுத்தும்போது பக்கத்துல வந்து நின்னே. பேப்பர் பத்துமான்னு கேட்டே. எல்லாம் கேட்டே. அதை மட்டும் சொல்லல. அக்காவுக்கே நாம பாரமாப் போயிட்டோம்போல, போனா நிம்மதின்னு நினைக்கிறாபோலன்னு நான் எத்தனை நாள் மாடியில அழுதிருக்கேன் தெரியுமா?"

"ஐயோ, பாரமா?" அக்காக்காரி தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டாள். "உன் புருஷன் ரோசக்காரரு. நான் இருன்னு சொல்லி, நீ இருக்கேன்னு சொல்லி, நடுவுல அவரு தலை குனியணுமேன்னு... உன் குடும்பத்துக்குள்ள நான் கத்தரி வெக்கக் கூடாதேன்னு..."

"இப்பச் சொல்லு."

"என்னத்தடி?"

"அதைத்தான். நான் காது குளிரக் கேக்கணும்."

அக்காக்காரி புருஷனைப் பார்த்தாள், தங்கை புருஷனைப் பார்த்தாள். என்னைக்கூடப் பார்த்தாள். யாரும் அவளுக்காக அதை எடுத்துச் சொல்ல முடியாது. ஒயரிங்காரர் மெல்ல, "சொல்லுங்க அண்ணி," என்றார்.

"இருடி," என்றாள். "போகாத. நீ இல்லாம எனக்கு இருக்கத் தெரியாது."

தங்கைக்காரி அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். "இந்த ஒரு வார்த்தையை உன் வாயிலேருந்து வாங்க ஒரு எஞ்சினே போக வேண்டியிருந்துச்சாக்கா?" என்று கேட்டுவிட்டு, ஆறு வயதுப் பிள்ளை மாதிரி ஓவென்று அழுதாள்.